அழுக்கு ஸ்பாஞ்சுக்கு ஒரு பல்

என் இடது கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் பிரித்த அன்றுதான், இருபது வருடமாகச் சந்தன நிறம் என்று நான் நம்பியிருந்த எங்கள் வீட்டுச் சுவர் வெள்ளை என்று தெரிந்தது. வெள்ளை என்று நம்பிப் போட்டுக்கொண்டிருந்த என் சட்டைகள் சந்தன நிறம் என்பதும் அன்றே தெரிந்தது. கண்ணுக்குள்ளிருந்து எடுத்த பழைய வில்லையை டாக்டர் ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். பஸ்ஸின் முன்விளக்குக் கண்ணாடி அளவு இருந்தது. இரண்டு நர்சுகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் மனைவி நம்பவில்லை. நான் சொல்வது எதையும் அவள் நம்புவதில்லை. நாற்பத்தொரு வருடமாக அப்படித்தான். அதனால் குடும்பத்தில் எந்தச் சிக்கலும் வந்ததில்லை, இந்த ஒரு தடவை தவிர.

அவள் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் உதவியாளராக இருந்தவள். ஓய்வு பெற்று வீட்டோடு வந்த மறுநாளிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டாள். 'சாப்பிட வாங்க', 'கதவைச் சாத்துங்க', 'உம்'. இந்த மூன்றோடு சரி. நான் எவ்வளவு பெரிய புளுகை அவிழ்த்துவிட்டாலும் 'உம்'. நம் கட்டிடத்து மாடிப்படியில் ஓர் ஒட்டகத்தைப் பார்த்தேன் என்று ஒருநாள் சொன்னேன். 'உம்' என்றாள். லிஃப்டுக்குள் கழுத்து நுழையவில்லையாம், அதனால் நடந்து ஏறுகிறது என்றேன். 'கதவைச் சாத்துங்க' என்றாள். இப்படி ஐந்து மாதம். திட்டு வாங்காமல் ஒரு மனிதன் எத்தனை நாள்தான் உயிரோடு இருப்பான்? எனக்கு ஆறு கிலோ எடை குறைந்தது.

அப்புறம்தான் மீன் வந்தது. அவளோடு வேலை பார்த்த ஓர் அம்மாள் வீட்டில் மீனும் செடியும் சேர்ந்து வளரும் தொட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, தரைத்தளத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்பக்கம், துணி காயப்போடும் சிமென்ட் முற்றத்தில் தானும் ஒன்று கட்டினாள். கீழே ஐந்நூறு லிட்டர் நீலத் தொட்டி. அதற்கு மேலே இரும்புச் சட்டத்தில் சரளைக்கல் நிரப்பிய அகலமான தட்டு. அந்தக் கல்லில் கீரை, புதினா, தக்காளி. மண் என்பதே கிடையாது. ஒரு சின்ன மோட்டார் மீன் தண்ணீரை மேலே ஏற்றும். அது கல்லுக்குள் ஓடி, வேரையெல்லாம் நனைத்துவிட்டு, சுத்தமாகித் திரும்பவும் தொட்டிக்குள் விழும்.

"எப்படிச் சுத்தமாகுது?" என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

ஐந்து மாத மௌனம் உடைந்தது. மீன் கழிவிலிருந்து அமோனியா வருமாம், அது மீனுக்கே விஷமாம். கல்லில் ஒட்டியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்றுமாம், அதுவும் விஷமாம். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட்டாக மாற்றுமாம், அது செடிக்குச் சாப்பாடாம்.

"கல்லைத் தொட்டுப் பாருங்க, வழவழன்னு இருக்கும். இந்த வீட்டுல உண்மையா வேலை செய்யறவங்க அவங்கதான். நீங்க இல்ல."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. திட்டத் தொடங்கிவிட்டாள்! அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த மீன்கள் இருக்கும்வரைதான் என் வாழ்வு என்று.

மொத்தம் இருபத்து மூன்று மீன்கள், எல்லாம் ஜிலேபிக் கெண்டை. அதில் பெரியதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தேன். யார் முற்றத்துக்கு வந்தாலும் தொட்டி ஓரமாக வந்து நின்று, 'எங்கேயிருந்து வர்றே, என்ன ஜோலி' என்று விசாரிப்பதுபோல் முறைத்துப் பார்ப்பார். ஒருமுறை மீட்டர் கணக்கெடுக்க வந்த ஆள் அடையாள அட்டையைக் கழற்றி அவரிடம் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனான்.

ஞாயிறும் புதனும் தண்ணீரைச் சோதிப்பாள். பிஎச் பார்க்கப் பேனா மாதிரி ஒரு மீட்டர் இருந்தது, அது எண்ணாகவே காட்டிவிடும். அமோனியாவுக்குத்தான் கண் வேண்டும். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, இரண்டு புட்டியிலிருந்து எட்டெட்டுச் சொட்டு விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்து, அட்டையில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிட வேண்டும். மஞ்சள் என்றால் பூஜ்யம். பச்சை ஏற ஏற ஆபத்து. அவள் குழாயைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் தோரணையே தனி. ஒரு கண்ணை லேசாகச் சுருக்கி, தலையைச் சாய்த்து, வைர வியாபாரி மாதிரி பார்ப்பாள். எட்டு மாதமாகப் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள்.

இந்த நிலையில்தான் எனக்குப் புதுக் கண் வந்தது.

புதுக் கண்ணின் தொல்லை என்னவென்றால், அதில் அழுக்குத் தெரியும். மின்விசிறி இறக்கையில், கதவு இடுக்கில், சுவிட்சைச் சுற்றி, எங்கே பார்த்தாலும் அழுக்கு. நான் துடைக்க ஆரம்பித்தேன். அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது, குனியலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு வாரத்தில் எங்கள் வீடு எவ்வளவு பளிச்சென்று ஆகிவிட்டது என்றால், தெருவில் போகிறவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பாமல் கண்ணைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கல் தட்டைப் பார்த்தேன். ஐயோ! கல் ஒவ்வொன்றின்மேலும் பழுப்பாக, பாசியும் சளியும் கலந்த மாதிரி ஒரு படலம். தண்ணீர் ஏறும் குழாயின் வாயில் இருந்த ஸ்பாஞ்சு சேற்றில் புரண்டதுபோல் இருந்தது. 'பாவம், குனிந்து கழுவ முடியாமல் விட்டிருக்கிறாள். வந்து பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள்!' என்று நினைத்தேன். செடிகளை ஓர் ஓரமாக ஒதுக்கினேன். கல்லையெல்லாம் வாளி வாளியாக அள்ளினேன். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்தேன். ஸ்பாஞ்சையும் அதே வெந்நீரில் முக்கி எடுத்தேன். சோப்புப் போடவில்லை. அந்த அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

கல்லெல்லாம் முத்து மாதிரி மின்னியது. திரும்ப நிரப்பிச் செடியை நட்டு நிமிர்ந்தபோதுதான், 'இந்த வீட்டுல உண்மையா வேலை செய்யறவங்க' என்ற அவள் குரல் காதில் விழுந்தது. வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரையும் வெந்நீரில் வேகவைத்துச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு நிற்கிறேன்.

சாயங்காலம் அவள் வந்தாள். கல்லைப் பார்த்தாள். "செடி கொஞ்சம் வாடின மாதிரி இருக்கே" என்றாள். கல் மின்னுவது அவள் கண்ணில் படவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வாய் திறந்து பொய் சொல்வதுதான் என் தொழில். வாயை மூடிக்கொண்டே பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. சுகமாக இல்லை.

புதன்கிழமை சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடித்தாள். "பூஜ்யம்."

நான் எட்டிப் பார்த்தேன். "லேசாப் பச்சை அடிக்குதே?"

"எங்க பச்சை? மஞ்சளா இருக்கு."

"இல்லம்மா, பச்சை. அட்டையில ஒண்ணுன்னு போட்டிருக்கே, அந்தக் கட்டம்."

"உங்க கண்ணும் உங்க வாயை மாதிரி ஆயிடுச்சா? நல்லாப் பாருங்க, மஞ்சள்."

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை எதுவானாலும் நடுவில் வைத்துக்கொள்வது. மின்விசிறியை அவள் இரண்டில் வை என்பாள், நான் நாலு என்பேன், மூன்றில் ஓடும். அவளுக்கு ஆறு மணிக்கு எழ வேண்டும், எனக்கு எட்டு மணிக்கு, ஏழுக்கு அலாரம் அடிக்கும், இரண்டு பேருக்கும் கோபம் வரும். நாற்பத்தொரு வருடக் குடித்தனம் இந்த நடுவில்தான் ஓடியது.

"சரி, சரி. நடுவுல வச்சுக்கலாம். அரை" என்று நோட்டில் அரை போட்டாள்.

ஞாயிறன்று அவள் பூஜ்யம் என்றாள், நான் இரண்டு என்றேன், நோட்டில் ஒன்று ஏறியது. பத்து வாளித் தண்ணீர் மாற்றலாம் என்று நான் சொல்ல, ஒன்றுமே வேண்டாம் என்று அவள் சொல்ல, ஐந்து வாளி மாற்றினோம். அடுத்த புதனும் அதே கூத்துதான். நான் மூன்று என்றேன், நோட்டில் ஒன்றரை விழுந்தது.

அடித்துச் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு இரண்டு காரணம். பச்சைதான் என்று நான் சாதித்தால், உன் கண் போய்விட்டது என்று அவளிடம் சொன்னதாகிவிடும். தன் கண்ணுக்கு ஒன்றுமில்லை, அறுவையெல்லாம் வேண்டாம் என்று என் டாக்டரிடமே முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு வந்தவள் அவள். இரண்டாவது காரணம், பச்சை எங்கேயிருந்து வந்தது என்று கேள்வி வரும். இரண்டில் எது பெரிய காரணம் என்று கேட்காதீர்கள். இரண்டாவதுதான்.

கல்லைக் கழுவிய பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, முற்றத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"என்னங்க! சீக்கிரம் வாங்க! எல்லாம் மேல வந்து வாயைத் தொறந்துட்டு நிக்குதுங்க!"

ஓடினேன். இருபத்து மூன்றும் தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்துக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. செவுள் ஓரமெல்லாம் நெருப்பு மாதிரி சிவந்திருந்தது. இன்ஸ்பெக்டர் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். என்னை விசாரிக்கவில்லை.

"மோட்டார் ஓடுது. காத்துக் கல்லும் குமிழ் விடுது. பிஎச் ஏழு புள்ளி எட்டு" என்று மீட்டரைப் படித்தாள். பிஎச் ஏறினால் அமோனியாவின் விஷம் கூடும் என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். சொட்டு விட்டாள். ஐந்து நிமிடம் நின்றோம். குழாயைத் தூக்கினாள்.

"பூஜ்யம்தானே?" என்றாள். இந்தத் தடவை அது கேள்வியாக இருந்தது.

நாலு. அட்டையின் கடைசிக்கு முந்தின கட்டம். நான் பதில் சொல்வதற்குள் மூன்றாம் மாடித் தையல்காரம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். சனிக்கிழமைதோறும் கொஞ்சம் புதினா பறித்துக்கொண்டு போவாள். துணிக்கு நூல் பொருத்துவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நாற்பது பச்சை நூல்கண்டுக்குள் சரியான பச்சையைக் கண்ணை மூடிக்கொண்டே எடுப்பாள். முகர்ந்து பார்த்து எடுக்கிறாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மனைவி அவள் முகத்துக்கு நேரே குழாயை நீட்டினாள். "இது என்ன கலர்? பாத்துச் சொல்லு."

"பச்சைக்கா."

"மஞ்சள் இல்ல?"

"மஞ்சளா? எங்கக்கா மஞ்சள்? போன வாரம் ஸ்கூல் யூனிபார்ம் பாவாடை தச்சேனே, அதே பச்சை. அந்த நூலை இதுல முக்கினா நூல் இருக்கற இடமே தெரியாது."

மனைவி குழாயை அதன் தாங்கியில் வைத்தாள். அட்டையைப் பார்த்தாள். மறுபடி குழாயைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"உம்."

அந்த 'உம்' எனக்குத் தெரியும். ஐந்து மாதம் அதோடு குடித்தனம் பண்ணியவன் நான். மீன் போனாலும் போகட்டும், இவள் திரும்ப அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் நான் எங்கே போவேன்?

"கல்லை நான் கழுவிட்டேன்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"எப்போ?"

"நீ தங்கச்சி வீட்டுக்குப் போன அன்னிக்கி."

"எதுல?"

"வெந்நீர்ல. பிரஷ் போட்டு. ஸ்பாஞ்சையும் சேத்து."

"ஐயோ அண்ணே!" என்று தையல்காரம்மா கன்னத்தில் கை வைத்தாள். அவளுக்கு பாக்டீரியா பற்றி ஒன்றும் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

"இது கதை இல்லையே?" என்றாள் மனைவி.

"கதையா இருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

இதற்குக் கட்டாயம் திட்டு விழும் என்று தலையைக் குனிந்து நின்றேன். விழவில்லை.

"உம்" என்றாள்.

பிறகு வேலையில் இறங்கினாள். நான் ஹோஸ் போட்டுப் பாதித் தண்ணீரை இறைத்தேன். டிரம்மில் முந்தின நாளே பிடித்துக் குமிழ் விட்டு வைத்திருந்த தண்ணீரை ஊற்றினோம். போதாததற்குக் குழாய்த் தண்ணீர் பிடித்து, குளோரின் முறிக்கும் மருந்தைக் கலந்து, வெதுவெதுப்புச் சரியாக இருக்கிறதா என்று கையால் பார்த்துப் பார்த்து விட்டோம். இன்னொரு காற்று மோட்டாரும் ஓடியது. தீனி டப்பாவை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். எல்லாம் சைகையில்தான். சின்னது ஒன்று தொட்டி அடியில் கவிழ்ந்து கிடந்தது. அதை வலையில் எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். உள்ளங்கை நீளம்கூட இல்லை.

மீன்கள் மெல்லக் கீழே இறங்கின. இன்ஸ்பெக்டர் மட்டும் சாய்ந்தபடியே கிடந்தார்.

மனைவி தையல்காரம்மாவிடம்தான் பேசினாள், என்னிடம் இல்லை. "தண்ணி மாத்தினது ரெண்டு நாளைக்குத் தாங்கும். மறுபடி ஏறிடும். கல்லுல பாக்டீரியா புதுசா வளர ஒரு மாசத்துக்கு மேல ஆகும். எங்கயாவது ரொம்ப நாள் ஓடின மீன் தொட்டியில இருந்து கழுவாத ஸ்பாஞ்சு கிடைச்சா பொழைக்கும்."

"கழுவாத ஸ்பாஞ்சா? முன்பக்கம் பல் டாக்டர் ரூம்ல தொட்டி இருக்கேக்கா! நாலு வருஷமா பாக்கறேன், அதைக் கழுவி நான் பாத்ததே இல்ல."

"நான் போறேன்" என்றேன்.

சொன்னபிறகுதான் உறைத்தது. எங்கள் கட்டிடத்தின் தெருப்பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் அந்தப் பல் டாக்டர், என் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க இரண்டு வருடமாக அலைகிறார். பார்க்கும்போதெல்லாம் ஒரு காரணம் சொல்லி நழுவிக்கொண்டிருந்தேன். கடைசியாக, பல் தானாகவே விழுந்துவிட்டது, ஒரு கல்யாண வீட்டில் ரோஜாத் தொட்டியில் புதைத்துவிட்டேன், செடி இப்போது நன்றாகப் பூக்கிறது என்று சொல்லி முடித்திருந்தேன். அதன் பிறகு அவர் கிளினிக் இருக்கும் பக்கமாகவே போவதில்லை. சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகத்தான் வருவேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்லவர். நான் விஷயத்தைச் சொன்னதும் முகம் சிறுத்துவிட்டது.

"சார், அந்தத் தொட்டியைக் கழுவணும் கழுவணும்னு நானும் நினைச்சுட்டே இருக்கேன். பேஷன்ட் யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"கழுவிடாதீங்க டாக்டர்! கும்பிட்டுக் கேக்கறேன். அந்த அழுக்குதான் எனக்கு வேணும்."

"அழுக்கு வேணுமா?"

"என் பெண்டாட்டியைப் பேச வைக்கணும்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "சார், மொதல்ல ஒட்டகம். அப்புறம் ரோஜாச் செடி. இப்போ அழுக்கு. ஒண்ணு செய்யுங்க. வாயைத் தொறங்க."

"எதுக்கு?"

"நீங்க என்னிக்காவது நிஜம் பேசினீங்களான்னு அதுக்குள்ளதான் தெரியும்."

திறந்தேன். விளக்கைப் போட்டார். குனிந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"பல்லு விழுந்துடுச்சுன்னீங்க?"

"மறுபடி முளைச்சிருக்கும்."

"உள்ளுக்குள்ள சீழ் வச்சிருக்கு. வலிக்கலையா?"

"புதுக் கண் வந்ததுல இருந்து பல்லைக் கவனிக்க நேரமில்ல டாக்டர்."

"நீங்க இதுல உக்காந்து பல்லை எடுத்துட்டுப் போங்க, ஸ்பாஞ்சைத் தரேன். பாதிதான் தருவேன். முழுசாக் கொடுத்துட்டா என் மீன் என்ன ஆகறது?"

"அது நியாயம். நடுவுல வச்சுக்கலாம். பல்லையும் பாதி எடுத்தா போதுமே?"

"பல்லுல நடு கிடையாது சார். சாயுங்க."

பிரஷர் பார்த்தார், ஊசி போட்டார், முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். பல்லின் வேர் தாடை வழியாக இறங்கி, தோளைத் தாண்டி முழங்கைவரை போயிருந்தது. கடைசியில் வந்தது. அடுத்த நோயாளி உள்ளே வருவதற்குள், டாக்டர் தானே சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் கைவிட்டு, ஸ்பாஞ்சைக் கத்தரியால் பாதியாக வெட்டி, காயாமல் இருக்க அந்தத் தொட்டித் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். கறுப்பாக, கொழகொழவென்று, அவ்வளவு அழகாக இருந்தது.

"ஒரு மணி நேரம் பஞ்சைக் கடிச்சுட்டே இருங்க. ஒரு வார்த்தை பேசக் கூடாது. உங்களால முடியுமா?"

தலையாட்டினேன்.

வீட்டில் மனைவி பையை வாங்கிப் பிரித்தாள். முகர்ந்தாள். முகத்தில் முதன்முதலாக ஓர் உயிர் வந்தது. ஸ்பாஞ்சில் ஒரு துண்டைக் கல்லின் மேல் அங்கங்கே பிழிந்தாள், மீதியைத் தண்ணீர் ஏறும் குழாயின் வாயில் செருகினாள். பழுப்புச் சாறு கல் இடுக்குகளில் இறங்கியது. அழுக்கை அவ்வளவு பயபக்தியோடு பிழிந்தவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது.

"வாயில பஞ்சா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"பல்லைப் பிடுங்கிட்டாரா?"

தலையாட்டினேன்.

"பேசக் கூடாதா?"

ஒரு விரலைக் காட்டினேன், ஒரு மணி நேரம் என்று.

அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, தொட்டிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். தையல்காரம்மா போய்விட்டிருந்தாள்.

"எனக்கு ஒரு வருஷமாவே மஞ்சளும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றாள். "மொதல்ல வெளிச்சம் சரியில்லன்னு நினைச்சேன். அப்புறம் அட்டை மங்கிப்போச்சுன்னு நினைச்சேன். நீங்க பச்சைன்னு சொன்னப்ப, புளுகறீங்கன்னு நினைச்சுக்கறது எனக்கு வசதியா இருந்துச்சு. காலேஜ்ல பசங்க குழாயைத் தூக்கிட்டு யார்கிட்ட வருவாங்க? என்கிட்டதான். 'மேடம், கலர் வந்துடுச்சா பாருங்க'ன்னு. பாடம் நடத்தறவங்க அங்கயே நிப்பாங்க, அவங்ககிட்ட கேக்க மாட்டாங்க. எனக்குப் பட்டம் கிடையாது. கண்ணுதான் இருந்துச்சு. அதுவும் போச்சுன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அந்தக் குட்டி உங்க கையாலயும் செத்துச்சு, என் கண்ணாலயும் செத்துச்சு" என்றாள். "நடுவுல வச்சுக்கலாம்."

நான் கையை நீட்டி அவள் தோளில் வைத்தேன். அவள் தட்டிவிடவில்லை. பிறகு அவள் தோள் மெல்ல இறுகுவது கையில் தெரிந்தது. திரும்பினாள்.

"வெந்நீராங்க? வெந்நீரா? ஏங்க, மண்டைக்குள்ள என்னதான் வச்சிருக்கீங்க? எட்டு மாசம் வளத்ததை எட்டு நிமிஷத்துல வேகவச்சிருக்கீங்களே, அது என்ன உருளைக்கிழங்கா? கல்லு பளபளன்னு இருந்தா மீன் வந்து முகம் பாத்துத் தலை சீவிக்கப் போகுதா? யாரைக் கேட்டு அதுல கை வச்சீங்க? பன்னண்டு நாள்! பன்னண்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கீங்க! ஒட்டகம்னா மட்டும் வாய் தொறக்குதோ?"

ஐம்பத்திரண்டு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்துப்போன தாடை வலிக்க ஆரம்பித்ததுகூட எனக்குத் தெரியவில்லை. பாட்டுக் கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவனைப்போல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருமுறை, சாய்ந்து கிடந்த இன்ஸ்பெக்டர் மெல்ல நிமிர்ந்து, துடுப்பை விரித்து, தொட்டி ஓரத்துக்கு வந்து என்னை முறைத்தார். அவள் அதைப் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

அதன் பிறகு தினமும் சோதனைதான். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றினோம். தீனி கொஞ்சம் கொஞ்சமாக மட்டும். தையல்காரம்மா காலையில் கடை திறக்கும் முன் இறங்கி வந்து குழாயைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். "அக்கா, இன்னிக்கி பாவாடைப் பச்சை இல்ல, வாழைக்குருத்து." "இன்னிக்கி எலுமிச்சைக்குப் பக்கத்துல வந்துடுச்சு." இரண்டாவது வாரம் நைட்ரைட் தலைகாட்டியது. அது மீன் உடம்பில் ஏறாமல் தடுக்கக் கல்லுப்பை அளந்து கரைத்து ஊற்றினாள். பல் டாக்டர் மூன்று தடவை வந்து பார்த்தார், ஒருமுறை என் வாயையும் இரண்டு முறை கல்லையும். தன் தொட்டியைக் கழுவாமல் வைத்திருப்பதை இப்போது நோயாளிகளிடம் பெருமையாகச் சொல்கிறாராம்.

ஸ்பாஞ்சு வந்த பத்தொன்பதாம் நாள் தையல்காரம்மா குழாயைப் பார்த்துவிட்டு, "சுத்த மஞ்சள்" என்றாள். நானும் பார்த்தேன். மஞ்சள். நைட்ரைட்டும் பூஜ்யம். மீன் இருபத்திரண்டு, அந்தக் குட்டிக்குப் பிறகு ஒன்றுகூடக் குறையவில்லை.

மனைவி குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு கண்ணைச் சுருக்கினாள், தலையைச் சாய்த்தாள்.

"எனக்கும் மஞ்சள்தான் தெரியுது" என்றாள். "ஆனா எனக்கு அன்னிக்கும் மஞ்சள்தான் தெரிஞ்சுது." குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "உங்க கண் டாக்டர் நம்பரை எங்க எழுதி வச்சீங்க?"

அவளுக்கும் கட்டுப் பிரித்த அன்று, வீட்டுக்கு வந்ததும் நேரே முற்றத்துக்குப் போனாள். கல் தட்டின்மேல் குனிந்தாள். புதிதாக வளர்ந்திருந்த பழுப்புப் படலத்தைப் பார்த்தாள். "ஐயய்யோ! இவ்வளவு அழுக்கா!" என்றாள். அவள் கை தானாகச் சுவரில் மாட்டியிருந்த பிரஷ்ஷைத் தேடிப் போயிற்று. நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் பாய்ந்து நின்றேன்.

"தள்ளுங்க. இதைக் குப்பையில போடத்தான் எடுக்கறேன்" என்று பிரஷ்ஷை எடுத்தாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். முதலில் சிரித்தாள். அப்புறம் நிறுத்திக்கொண்டாள்.

"ஏங்க, இந்தச் சட்டையை வெள்ளைன்னு சொல்லியா இத்தனை வருஷம் என்னைத் துவைக்க வச்சீங்க?"

நான் சௌகரியமாக வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். இன்ஸ்பெக்டர் ஓரத்துக்கு வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வலது துடுப்பைத் தூக்கி அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

இதை மட்டும் அவள் இன்னும் நம்ப மறுக்கிறாள்.